எத்தனை மாடு? யார் வீட்டு மாடு?

தை பிறந்துவிட்டால் மூன்று நாளைக்கு மதுரைக்காரர்களுக்கு ஒரே கணக்குதான். அவனியாபுரத்தில் எத்தனை, பாலமேட்டில் எத்தனை, அலங்காநல்லூரில் எத்தனை, கார் யாருக்கு. பொங்கல் முடிந்து கரும்புச் சக்கை காய்ந்த பிறகும் அந்தக் கணக்கு ஓயாது. 2023இல் அலங்காநல்லூரில் பூவந்தி அபிசித்தர் 26 காளைகளைப் பிடித்து முதலிடம் வாங்கினார். 2024இல் கருப்பாயூரணி கார்த்தி 18, அபிசித்தர் 17. எண்ணியதில் தவறு நடந்துவிட்டது என்று அபிசித்தர் முறையிட, ஒரு மாட்டுக்காகத் தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. 2025இல் அதே அபிசித்தர் 20 காளைகளோடு மறுபடி முதலிடத்துக்கு வந்தார்.

எங்களோடு வாசிப்பு வட்டத்துக்கு வரும் விடுதித் தம்பிகளும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். 26 பிடித்த வருடம் பெரிதா, 20 பிடித்த வருடம் பெரிதா? 17இல் நின்ற வருடம் அவர் மோசமாக ஆடினாரா? எங்களைக் கேட்டால், எண்ணை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். விஷயம் வாடிவாசலோடு நிற்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த எண் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். பிடிக்க வருகிறவர்களைச் சுற்றுக்கு ஐம்பது பேர் அளவில் பிரித்து, சுற்றுக்கு ஒரு நிறத்தில் சட்டை கொடுத்து இறக்குகிறார்கள். நன்றாகப் பிடித்தவர் அடுத்த சுற்றுக்குத் தங்குவார், மற்றவர் வெளியேறுவார். எந்த மாடு எந்த நேரத்தில் வாடியை விட்டு வரும் என்பது பிடிக்கிறவர் கையில் இல்லை. திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும். கொம்பைத் தொடக் கூடாது, வாலைத் தொடக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து தொங்கினால் அந்தப் பிடி செல்லாது. இத்தனையும் தாண்டி எல்லை வரை விடாமல் போனால் ஒரு மாடு என்று எழுதுவார்கள்.

ஆனால் எல்லா மாடும் ஒரே மாடு இல்லை. சில மாடுகள் வாடியை விட்டு வந்ததும் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, வந்த வேகத்தில் கலெக்‌ஷன் பாயிண்டுக்கு ஓடிவிடும். பக்கவாட்டில் நின்று, சரியான நேரத்தில் திமிலில் கை போட்டால் மூன்று துள்ளலில் வேலை முடிந்துவிடும். அது லேசான காரியம் என்று சொல்லவில்லை. அதிலும் குடல் சரிந்தவர்கள் உண்டு. சில மாடுகள் வேறு ரகம். வாசலைத் தாண்டியதும் நிற்கும். தலையைத் தாழ்த்தி மண்ணைக் குத்தி எறியும். யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்துப் பார்த்துத் திரும்பும். ‘நின்னு விளையாடுற மாடு’ என்று நம் ஊரில் சொல்வார்கள். அது வெளியே வந்தால், அதுவரை ஐந்தும் ஆறும் பிடித்த ஆட்கள்கூடத் தடுப்புக் கம்பியின் மேல் ஏறிக்கொள்வார்கள். தொட்டாலே காசு, தொட்டுப் பார் என்று மைக் கத்தும். யாரும் தொட மாட்டார்கள். மாடு தன் இஷ்டத்துக்கு விளையாடிவிட்டுப் போய்ச் சேரும்.

கம்பி மேல் ஏறியவருக்கு அந்த மாட்டால் எந்தக் குறையும் வராது. கணக்குப் புத்தகத்தில் பிடித்த மாட்டுக்குத்தான் கட்டம் உண்டு. விலகி நின்ற மாட்டுக்குக் கட்டம் கிடையாது. துணிந்து போய்த் திமிலைத் தொட்டு, தூக்கி எறியப்பட்டு, விலா எலும்பு முறிந்து ராஜாஜி மருத்துவமனைக்குப் போனவர் கணக்கில் ஒன்றும் இல்லை. எந்த மாட்டிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர் நல்ல எண்ணிக்கையோடு வீட்டுக்குப் போகலாம். முதலிடம் வாங்கியவர்கள் அப்படித்தான் வாங்கினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர்கள் பெரிய மாடுகளையும் பிடித்திருக்கிறார்கள், ஊர் பார்த்திருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பதுதான் எங்கள் பேச்சு.

வத்தலக்குண்டுக்காரர் சி. சு. செல்லப்பாவுக்கு இது தெரிந்திருந்தது. அவருடைய ‘வாடிவாசல்’ படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிச்சி எத்தனை மாடு பிடித்தான் என்பதில் அந்தக் கதைக்கு அக்கறையே இல்லை. அவன் வந்தது காரிக்காக. அப்பனைக் கொன்ற மாடு, அதுவும் ஜமீன்தார் மாடு. அந்த ஒரு மாட்டின் திமிலில் கை போடுவது ஜமீனின் கௌரவத்தில் கை போடுவது என்று திட்டிவாசலில் கூடி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். படிக்காதவர்கள் படித்துவிடுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடக் கூடிய சின்னப் புத்தகம்.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. யார் வீட்டு மாட்டை யார் தொடலாம் என்ற கேள்விக்கு நம் வட்டாரத்தில் நீண்ட காலம் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கோயில் காளையை யாரும் பிடிப்பதில்லை, அது எல்லோருக்கும் பொதுவான மரபு. ஆனால் பல ஊர்களில், பெரிய வீட்டு மாட்டைச் சேரிப் பையன் பிடிக்கக் கூடாது என்பதும் மரபாகவே இருந்தது. பறை அடிக்கலாம், மாட்டுக்குப் புல் அறுத்துப் போடலாம், தொழுவத்தில் சாணி அள்ளலாம். திமிலில் கை போட்டால் மட்டும் ஊர்க் கட்டுப்பாடு, அடிதடி, வழக்கு. 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் இளைஞர் கூட்டம் கூடியபோது, இது தமிழர் எல்லோருக்கும் பொதுவான வீர விளையாட்டு என்று ஒரே குரலாகச் சொல்லப்பட்டது. அப்போதே தலித் எழுத்தாளர்களும் செயற்பாட்டாளர்களும் ‘எல்லோருக்கும் என்றால் யாருக்கெல்லாம்?’ என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குத் தமிழர் விரோதி என்று பட்டம் கிடைத்தது.

இன்று நிலைமை அப்படியே இல்லை. இணையத்தில் பதிவு, டோக்கன், மருத்துவச் சோதனை, சட்டை நிறம் என்று அரசு நடைமுறை வந்த பிறகு களத்துக்குள் யாரை விடுவது என்பதில் ஊர்ப் பெரியவர்களின் கை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அவனியாபுரத்தில் விழாவை யார் நடத்துவது என்ற சண்டை நீதிமன்றம் வரை போய், 2020இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டியிருந்தது. மாட்டுக்காரரின் சாதிப் பெயரை மைக்கில் சொல்லக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் விதி போட வேண்டியிருந்தது. விதி போட வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் பழைய வீரர்களின் பெருமையை எப்படிப் படிப்பது? ‘எங்க தாத்தா மாட்டை ஒருத்தனும் பிடிச்சதில்ல’ என்று மீசையை முறுக்குகிற வீடுகள் நம் ஊர்ப்பக்கம் நிறைய. பிடிக்கவில்லையா, பிடிக்க விடவில்லையா? பாதி ஊரைக் களத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு வாங்கிய பெயரில், அந்தப் பாதியின் பயமும் சேர்ந்துதான் இருக்கிறது.

இதை நாம் மட்டும் அனுபவித்ததாக நினைக்க வேண்டாம். அமெரிக்கக் குத்துச்சண்டையின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுங்கள். 1882 முதல் 1892 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த ஜான் எல். சல்லிவன், கறுப்பினத்தவரோடு மோத மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அதே காலத்தில் பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரர் இருந்தார். பின்னால் சல்லிவனை வீழ்த்தப்போகிற ஜிம் கார்பெட்டோடு அவர் 1891இல் 61 சுற்றுகள் மோதினார். முடிவு இல்லாமல் ஆட்டத்தை நிறுத்தினார்கள். சல்லிவனை நேரில் சந்திக்கும் வாய்ப்பு ஜாக்சனுக்கு வரவே இல்லை. சல்லிவனின் வெற்றிப் பட்டியல் அப்பழுக்கில்லாமல் பளபளத்ததில் இந்த மறுப்புக்கும் பங்கு உண்டு.

1919 முதல் 1926 வரை பட்டம் வைத்திருந்த ஜாக் டெம்ப்சியும், கறுப்பினப் போட்டியாளர் ஹாரி வில்ஸைச் சந்திக்காமலே காலத்தை ஓட்டிவிட்டார். சாம் லாங்ஃபோர்ட் தன் காலத்தின் ஆகச் சிறந்த குத்துச்சண்டை வீரர்களில் ஒருவர் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஒரு தடவைகூட அவரை மோத விடவில்லை.

இந்தக் கதையில் நமக்கு உறைக்க வேண்டிய இன்னொரு பகுதி உண்டு. நிறச் சுவரை உடைத்தவர் ஜாக் ஜான்சன். 1908 டிசம்பரில் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். வெள்ளையர்கள் ஓய்விலிருந்த ஜெஃப்ரீஸைக் கூட்டிவந்து மோதவிட்டபோது, 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் அவரையும் சாய்த்தார். அன்று அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவரை வெள்ளைக் கும்பல்கள் தாக்கின. ஒரு வெற்றியின் கனம் என்ன என்பதை அந்தக் கலவரம் சொல்லும். அதே ஜான்சன், பட்டம் கைக்கு வந்த பிறகு, லாங்ஃபோர்டுக்கு மறுபடி மோத வாய்ப்பே தரவில்லை. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனவர், பின்னால் வந்த தன் இனத்தவருக்கே அதைச் சாத்திவிட்டார். நம் இயக்கங்களில் இருக்கும் மூத்தவர்கள் சிலரின் முகம் உங்களுக்கு நினைவுக்கு வந்தால் நாங்கள் பொறுப்பல்ல.

ராக்கி மார்சியானோ 49 சண்டையில் 49 வெற்றி. முகமது அலி 56 வெற்றி, 5 தோல்வி. எண்ணைப் பார்த்தால் மார்சியானோ மேல். ஆனால் மார்சியானோ 1951இல் ஜோ லூயிஸை வென்றபோது லூயிஸுக்கு வயது 37, ஆட்டம் முடிந்துபோன காலம். அலி எதிரே நின்றவர்கள் லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மன். ஃப்ரேசியரிடம் 1971இல் தோற்றார், பிறகு இரண்டு முறை வென்றார். அந்தத் தோல்வியைக் கழித்துவிட்டு அலியைப் பற்றிப் பேச முடியுமா?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பாபாசாகேப் அம்பேத்கரே தோற்றவர்தான். 1952 பொதுத் தேர்தலில் வடக்கு பம்பாயில் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். மக்களவைக்கு நின்ற இரண்டு தடவையும் தோல்வி. 1952இல் அவரை வென்ற காங்கிரஸ்காரர் நாராயண் காஜ்ரோல்கர். இந்தப் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? அம்பேத்கர் நின்றது அந்த ஒரு மனிதருக்கு எதிராக அல்ல. சுதந்திரம் வாங்கிய களிப்பில் இருந்த, நேருவைத் தலைவராகக் கொண்ட, நாடு முழுக்க வேர் விட்ட ஒரு கட்சிக்கு எதிராக நின்றார்.

அவர் வென்ற தேர்தலுக்கும் ஒரு கதை உண்டு. 1937இல் பம்பாய் மாகாணத் தேர்தலில் அவருக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்தியது பல்வங்கர் பாலுவை. தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் பெரிய கிரிக்கெட் வீரர். 1911இல் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனபோது அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர். மைதானத்தில் அவர் கையிலிருந்து பந்தை வாங்கியவர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளையில் ஊற்றி வெளியே வைத்துக் கொடுத்தார்கள். இந்து அணிக்குத் தலைவராக அவரைக் கடைசிவரை ஆக்கவே இல்லை. அம்பேத்கர் இளைஞராக இருந்தபோது பாலுவைப் பெருமையோடு பார்த்தவர். அப்படிப்பட்டவரை எதிர்த்து நின்று வெல்வது சும்மா காரியமல்ல. நம் ஆளை நம் ஆளோடு மோதவிடுகிற அந்தத் தந்திரம் இன்றைக்கும் தனித்தொகுதிகளில் நடந்துகொண்டிருக்கிறது, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு?

எதற்கென்றால், நம் அமைப்புகளும் இப்போது மாடு எண்ணத் தொடங்கிவிட்டன. ஆண்டறிக்கையைப் பிரித்தால் இத்தனை மனுக்கள் கொடுத்தோம், இத்தனைக்குத் தீர்வு கண்டோம், இத்தனை வழக்கில் வென்றோம் என்று அட்டவணை. தெருவிளக்கு போடச் செய்ததும் ஒன்று, சாதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததும் ஒன்று, கொலை வழக்கில் தண்டனை வாங்கியதும் ஒன்று. தெருவிளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. இருட்டில் நடக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் மூன்றையும் ஒரே கட்டத்தில் எழுதினால், அடுத்த வருடம் எண்ணைக் கூட்ட வேண்டிய தம்பி எதைத் தேடிப் போவான்? நேரே ஓடுகிற மாட்டைத்தான்.

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவிகள். பத்து வருடம் ஒன்று தேர்தலே நடக்காது, இல்லாவிட்டால் ஆதிக்க சாதியினரே ஒருவரை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, ஜெயித்த கையோடு ராஜினாமா கடிதம் வாங்கிவிடுவார்கள். தேர்தல் ஆவணத்தில் அதுவும் வெற்றிதான். வெற்றிச் சான்றிதழோடு வந்தவர் அன்றே வெறும் ஆளாக வீட்டுக்குத் திரும்பினார். 2006 அக்டோபரில்தான் அங்கே தலித் தலைவர்கள் பதவியேற்று நாற்காலியில் தொடர்ந்து உட்கார முடிந்தது.

மேலூர்ப் பக்கம் மேலவளவில் வேறு மாதிரி நடந்தது. தலைவராக நின்று, ஜெயித்து, ராஜினாமா செய்ய மறுத்த முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அது நமக்கு வெற்றி என்று பதிந்தோம். 2008இல் சிலரையும் 2019 நவம்பரில் மீதியிருந்த 13 பேரையும் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. இப்போது அந்த வெற்றியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கோகுல்ராஜ் வழக்கையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. 2015 ஜூனில் திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். உடல் தண்டவாளத்தில் கிடந்தது. எதிரே நின்றது ஒரு சாதி அமைப்பின் தலைவரும் அவருடைய ஆட்களும். தலைமறைவாக இருந்தபடியே ஆடியோ வெளியிட்டு, தொலைக்காட்சியில் பேசி, ஒரு கூட்டத்துக்குக் கதாநாயகனாக ஆன மனிதர் அவர். முக்கிய சாட்சி பிறழ் சாட்சியானார். வழக்கு நாமக்கல்லில் நடந்தால் நியாயம் கிடைக்காது என்று கோகுல்ராஜின் தாய் சித்ரா உயர் நீதிமன்றத்துக்குப் போய், அது நம் மதுரைக்கு மாறியது. சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்த ப. பா. மோகன் கோயில் கேமராப் பதிவையும் சூழ்நிலைச் சான்றுகளையும் வைத்துக்கொண்டு வாதாடினார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் முதல் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. அட்டவணையில் இதற்கு எண் ‘ஒன்று’. மைக் கத்தக் கத்த எல்லோரும் கம்பி மேல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தாயும் ஒரு வழக்கறிஞரும் இறங்கிப் போய்ப் பிடித்த மாடு அது.

எங்கள் வட்டத்தில் ஒரு தோழர் இருக்கிறார். பெயர் வேண்டாம். சட்டம் படித்துவிட்டு ஐந்து வருடமாக வன்கொடுமை வழக்குகள் மட்டும் எடுக்கிறார். ஏழு வழக்கு நடத்தியிருக்கிறார், ஏழிலும் எதிரிகள் விடுதலை. ஒன்றில் சாட்சிக்கு நிலம் எழுதிக் கொடுத்து வாயை அடைத்தார்கள். இன்னொன்றில் புகார் கொடுத்தவரே ஊரைக் காலி செய்து திருப்பூருக்குப் போய்விட்டார். ‘தோத்த வக்கீல்’ என்று நம் பையன்களே அவரைக் கேலி பேசுகிறார்கள். போன மாதம் ஒருங்கிணைப்பாளர் தேர்வில் அவர் பெயரைச் சொன்னபோது, ‘அண்ணன் ஒரு கேஸ்கூட ஜெயிக்கலையே’ என்று ஒரு தம்பி கேட்டான். ஜெயித்த கணக்கு நிறைய வைத்திருந்த இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல பையன்தான், குறை சொல்லவில்லை. அவர் கணக்கில் இருப்பதில் பெரும்பாலானவை எதிர்த்தரப்பு ஆஜராகாமலே முடிந்தவை.

அந்த ஏழு வழக்கின் கட்டுகளையும் நாங்கள் உட்கார்ந்து படித்தோம். ஏழிலும் எதிரே இருப்பது நிலமும் கட்சியும் காவல் நிலையத்தில் செல்வாக்கும் உள்ளவர்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதே அந்த ஊர்களில் அதற்கு முன் நடந்ததில்லை. நான்காவது வழக்கு முடிந்த பிறகு அந்தத் தெருவில் தனிக் குவளை எடுபட்டுப் போயிற்று. எதிரிகள் விடுதலையாகிவிட்டார்கள்தான். ஆனால் இரண்டு வருடம் வாய்தாவுக்கு அலைந்த டீக்கடைக்காரருக்கு மறுபடி அலைய மனசில்லை. இதை எழுத எந்த அறிக்கையிலும் கட்டம் இல்லை.

ஆகவே அடுத்த அறிக்கையிலிருந்து இரண்டு கட்டம் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறோம். எதிரே நின்றது யார், அவருக்குப் பின்னால் நின்றது யார் என்று ஒன்று. நமக்கு வந்து, நாம் எடுக்காமல் விட்ட வழக்குகள் எவை, ஏன் விட்டோம் என்று இன்னொன்று. இரண்டாவதை நிரப்பத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள்.

தோழருடைய எட்டாவது வழக்கு அடுத்த மாதம் சாட்சி விசாரணைக்கு வருகிறது. சாட்சிகள் ஆறு பேர், அதில் நான்கு பேர் பெண்கள். ஊரிலிருந்து நீதிமன்றம் வரை கூடவே வந்து, மாலை வீட்டில் விட்டுத் திரும்ப நாளுக்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி இருப்பவர்கள் சொல்லுங்கள்.